இடது வலது பிறந்த கதை

1594 மார்கழியில், நெதர்லாந்தின் வடபுறத்திலிருந்து வில்லியம் லூயி என்ற பிரபு அந்நாட்டுப் படைத்தலைவர் இளவரசர் மொறிசுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். இருவரும் நாசோ குடும்பம். தகப்பன்மார் உடன்பிறந்தவர்கள். நம் ஊர் முறையில் அண்ணன் தம்பி. ஆனால் மொறிசின் அக்காவை வில்லியம் லூயி கட்டியிருந்தார். அவர்கள் ஊரில் அதுவும் நடக்கும். ஆகவே மச்சான் மச்சானுக்கு எழுதிய கடிதம் என்றும் இதைச் சொல்லலாம். அந்தக் கடிதத்தில் ஒரு படம் இருந்தது. எழுத்துகளை வரிசை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையும் எப்போது சுட வேண்டும், சுட்டபின் எந்தப் பக்கமாகத் திரும்பிப் பின்னுக்குப் போக வேண்டும், அடுத்த வரிசை எப்போது முன்னுக்கு வர வேண்டும் என்று காட்டும் படம்.

இன்று உலகத்தின் எந்தப் பட்டாளத்தில் சேர்ந்தாலும் முதற்கிழமை முழுவதும் வெயிலில் நிறுத்தி ஆட்டிவைப்பார்கள். துவக்கு பிறகுதான். அந்த வழக்கத்தின் வேர் இந்தக் காகிதத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் தை, மாசி மாதங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறபோது, அணிநடைக்காகப் பிள்ளைகள் நாட்கணக்கில் மைதானத்தில் காய்வதன் வேரும் அதுவேதான்.

வில்லியம் லூயிக்கு இந்த யோசனை தானாக உதிக்கவில்லை. அவர் அப்போது ஏலியன் என்ற பழைய கிரேக்க எழுத்தாளரின் போர்நூலைப் படித்துக்கொண்டிருந்தார். ஏலியன் உரோமப் பேரரசு காலத்தவர். மாசிடோனியப் படை எப்படி நின்றது, எப்படித் திரும்பியது, எந்தச் சொல்லுக்கு எந்த அசைவு என்றெல்லாம் எழுதி வைத்தவர். உரோமரும் இதைச் செய்தவர்கள்தான். புதிதாகச் சேர்ந்தவனுக்கு உண்மை ஆயுதத்தின் இருமடங்கு பாரமான மரவாளும் பிரம்புக் கேடயமும் கொடுத்து, நிலத்தில் அடித்த கட்டையோடு அவனை மோதவிட்டார்கள் என்றும், கோடைகாலத்தில் ஐந்து மணித்தியாலத்தில் இருபது மைல் நடக்கப் பழக்கினார்கள் என்றும் வெஜிட்டியஸ் எழுதியிருக்கிறார். உரோமப் பேரரசு விழுந்தபின் ஐரோப்பாவில் இவை நூலில் மட்டும் எஞ்சின. ஆயிரம் வருடத்துக்குப் பிறகு ஒரு பிரபு புத்தகத்தைத் திறந்து பார்த்து, இதைத் துவக்குக்குப் பொருத்தினால் என்ன என்று கேட்டார்.

ஏன் கேட்டார் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அந்தக் காலத்துத் துவக்கு திரித் துவக்கு. சுடுகிறவன் ஒரு கையில் புகைந்துகொண்டிருக்கும் திரியைப் பிடித்திருப்பான். அதே ஆள் அதே நேரத்தில் வெடிமருந்தைக் கொட்ட வேண்டும், குண்டைப் போட வேண்டும், குச்சியால் இடிக்க வேண்டும், திரியை ஊதிக் கனலவைத்துப் பொருத்த வேண்டும். பக்கத்தில் நிற்பவனும் இதையேதான் செய்கிறான். ஒருவன் தவறான நேரத்தில் தவறான பக்கம் திரும்பினால் அவனுடைய திரி மற்றவனுடைய மருந்துப் பையில் படும். எதிரி வேறு வந்துகொண்டிருக்கிறான். ஒரு முறை சுட்டு மறுபடி நிரப்புவதற்கிடையில் குதிரைக்காரன் வந்து சேர்ந்துவிடுவான். இப்படிப்பட்ட ஆயுதத்தை வைத்துக்கொண்டு வீரம் பேசிப் பயனில்லை. வேண்டியது ஒன்றுதான்: நூறு பேரின் கைகள் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்ய வேண்டும், அதுவும் அந்த நூறு பேரும் பயத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது.

பயந்தவனுக்கு மூளை வேலை செய்யாது. கை செய்யும், கைக்கு முன்பே பழக்கியிருந்தால். அடிப்படைப் பயிற்சி என்று இன்று நாம் சொல்வது இந்த ஒரு கண்டுபிடிப்புத்தான். மற்றதெல்லாம் அதன்மேல் கட்டியது.

மொறிஸ் அதைச் செய்து பார்த்தார். அவரிடம் இருந்தவர்கள் கூலிக்கு வந்த பல தேசத்து ஆட்கள். அவர் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தார், படைப்பிரிவுகளைச் சிறிதாக்கினார், சண்டை இல்லாத நாளிலும் பழக்கினார். மண்வெட்டியையும் கையில் கொடுத்தார். அதுவரை மண் வெட்டுவது தங்கள் மதிப்புக்குக் குறைவு என்று நின்றவர்கள் அவர்கள். 1607இல் ஜேக்கப் டி கெய்ன் என்ற ஓவியர் இந்தப் பயிற்சியைப் படங்களாகச் செதுக்கி நூலாக்கினார். மொத்தம் 117 படங்கள். மஸ்கெற் துவக்குக்கு மட்டும் 43. ஒவ்வொரு படத்திலும் ஓர் அசைவு, ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு கட்டளை. எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும். ஐரோப்பாவின் பல மொழிகளில் அது பரவியது.

நம்மிடம் பயிற்சி இருக்கவில்லையா என்றால், இருந்தது. சிலம்பம் இருந்தது, வாள் இருந்தது, ஆசான் இருந்தார். ஆனால் ஆசான் தனியாளைச் செதுக்கினார். அவருடைய மாணவன் சண்டையில் பெயர் எடுப்பான், நடுகல் ஆவான். ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றில் காட்டும் தாய் நினைவுக்கு வருகிறாள். தமையனையும் கணவனையும் போரில் இழந்தபின், மிஞ்சிய ஒரே பிள்ளையின் தலையில் எண்ணெய் பூசிச் சீவி, உடையைத் திருத்தி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். அந்தப் பிள்ளையை யாரும் பழக்கவில்லை. குடியின் மறம் போதும் என்று அந்த உலகம் நம்பியது. தாய் சீவிவிட்ட அந்தத் தலைமயிரைத்தான் ஒரு நவீனப் பட்டாளம் முதல் நாள் காலையிலேயே வழித்தெடுக்கிறது. குடியும் பெயரும் முகமும் அதோடு போக வேண்டும் என்பது அதன் எண்ணம்.

மொறிசின் பயிற்சி யாழ்ப்பாணத்துக்கு வந்த வழி நேரானது. ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கொம்பனி தொடங்கியது 1602இல், மொறிஸ் உயிரோடு இருக்கும்போதே. யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் போர்த்துக்கேயர் விழுத்தியிருந்தார்கள். 1658இல் ரிக்லொப் வான் கூன்ஸ் ஒல்லாந்தப் படையோடு வந்தார். மன்னார் விழுந்தது. ஊர்காவற்றுறைக்கு முன்னால் கடலுக்குள் நிற்கும் கோட்டை தண்ணீரில்லாமல் பணிந்தது. யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை தாங்கி, ஆனி மாதம் கதவைத் திறந்தது. அந்தப் படையோடு மதகுருவாக வந்த பல்டேயஸ் பிற்பாடு நம் ஊரைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். கொம்பனிப் படையில் ஒல்லாந்தரைவிட வேறு தேசத்தாரும், சிறப்பாக ஜெர்மானியரும், ஏராளம். மொழி தெரியாதவர்களை ஒரே அசைவில் ஆட்டிவைக்கும் கலை அங்கே வெறும் வசதியல்ல, தேவை. வரிசையாக நின்று கட்டளைக்குத் துவக்கு நிரப்பிச் சுடும் காட்சியை இந்தக் குடாநாடு அப்போது பார்த்தது.

ஆனால் இடது, வலது என்று காலெடுத்து வைத்ததா அந்தப் படை? இல்லை. மொறிசின் ஆட்கள் வரிசை பிசகாமல் நகர்ந்தார்கள். தாளத்துக்குக் காலை ஒன்றாகப் போட்டு நடக்கும் பழக்கம் ஒரு நூற்றாண்டு கழித்துப் பிரஷ்யாவில்தான் இறுகியது. டெசாவ் கோமகன் லியோபோல்ட் என்ற படைத்தலைவர் அதை ஊன்றினார். துவக்கை நிரப்பும் மரக்குச்சிக்குப் பதில் இரும்புக்குச்சி கொண்டுவந்தவரும் அவர்தான். 1732இல் பிரெஞ்சுத் தளபதி மொறிஸ் டி சாக்ஸ், உரோமரின் வெற்றி இரகசியமே தாளத்துக்கு நடந்ததுதான் என்று எழுதினார். காரணம் எளிது. ஆட்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றால்தான் குண்டுமழை அடர்த்தியாக விழும். நெருங்கி நிற்பவர்கள் ஆளுக்கொரு கால் வைத்தால் இடறி விழுவார்கள்.

தமிழ்மண் இந்த அடர்த்தியை நேரில் கண்டது 1746இல், அடையாற்றங்கரையில். ஆற்காட்டு நவாபின் மகன் ஏறக்குறையப் பத்தாயிரம் பேரோடு நின்றார். எதிரே பிரெஞ்சுக்காரர் பழக்கிய சிறு படை, ஆயிரம் பேர் இருக்கும். அதில் பெரும்பங்கு உள்ளூர்ச் சிப்பாய்கள். ஆற்றைக் கடந்து வரிசையாக நின்று சுட்டார்கள். நவாபின் படை கலைந்து ஓடியது. இதைப் பார்த்து விழித்த ஆங்கிலேயர் 1748இல் ஸ்ட்ரிங்கர் லோறன்ஸைக் கடலூரில் இறக்கினார்கள். ஏறக்குறையப் பத்து வருடத்தில் மதராஸ் சிப்பாய்களின் முறையான பட்டாலியன்கள் பிறந்தன.

தெற்கே இன்னொரு கிளை. 1741இல் திருவிதாங்கூர் மார்த்தாண்டவர்மரை அடக்க இலங்கையிலிருந்து போன ஒல்லாந்தப் படை குளச்சலில் தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலெனாய். அரசர் அவரைக் கொல்லவில்லை. என் ஆட்களைப் பழக்கு என்றார். 1777இல் சாகும்வரை டிலெனாய் பழக்கினார். தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். அவர் பெயரோடு ஒரு கதை அந்தப் பக்கத்தில் ஓடுகிறது. இடது வலது என்று கத்தினால் ஆட்கள் குழம்பினார்களாம். ஒரு காலில் ஓலையையும் மற்றதில் சீலைத்துண்டையும் கட்டிவிட்டு ‘ஓலைக்கால், சீலைக்கால்’ என்று நடத்தினாராம். அமெரிக்காவிலும் இதே கதை இருக்கிறது, அங்கே வைக்கோலும் புல்லும். எல்லா ஊரிலும் ஒரே கதை முளைத்தால் அது நடந்ததா என்று நான் சந்தேகப்படுவேன். ஆனால் கதை எதைச் சொல்கிறது என்பதில் சந்தேகமில்லை: உழுதும் மரமேறியும் பழகிய ஒருவனுக்குத் தன் கால்களைப் பெயர் சொல்லிப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை. வந்திருந்தாலும் நம்மவருக்கு முதற்கால் வலதுதான். மணப்பெண் வலது காலை வைத்துத்தான் உள்ளே வருகிறாள், புதுவீட்டுக்கும் வலது காலைத்தான் வைக்கிறோம். பட்டாளம் எல்லா ஊரிலும் இடது காலில் தொடங்குகிறது.

1795 புரட்டாதியில் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது மதராஸ் சிப்பாய்களும் கூட வந்தார்கள். ஒல்லாந்தர் தங்கள் ஐங்கோணக் கோட்டையின் வெளிச்சுற்றை 1792இல்தான் கட்டி முடித்திருந்தார்கள். மூன்று வருடம் கழித்துச் சண்டையே இல்லாமல் திறப்பைக் கொடுத்துவிட்டார்கள். நூற்றாண்டுக்கணக்கில் கல் சுமந்தவர்கள் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. இந்த இடத்தில் ஒரு சிறு விவரம், பிறகு தேவைப்படும்: ஒல்லாந்தர் இலங்கையைக் காக்க வாடகைக்கு வைத்திருந்த படைகளில் ஒன்று மெரோன் ரெஜிமென்ற். அதன் சொந்தக்காரர் இன்றைய சுவிசின் நெஷாத்தெல் பகுதியைச் சேர்ந்த ஒரு பிரபு. அதே வருடம் ஆங்கிலேயர் அவரோடு பேரம் பேசி, ரெஜிமென்றை முழுதாகத் தங்கள் பக்கம் வாங்கிவிட்டார்கள்.

கோட்டையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இது எப்படித் தாவியது? லண்டன் வழியாக. 1871இல் இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகளில் பையன்களுக்கு ட்றில் பழக்கலாம் என்று விதி வந்தது. வாரத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்படாமல். பழக்குவதற்குப் பட்டாளத்துச் சார்ஜன்மாரை அனுப்பினார்கள்; கூலி நாளுக்கு ஆறு பென்ஸ், நடந்து வந்த மைலுக்கு ஒரு பென்ஸ். ஏழைப் பிள்ளைகளுக்கு ஒழுங்கும் உடம்பும் வரும், பிறகு ஆலைக்கும் படைக்கும் உதவும் என்பது கணக்கு. பேரரசின் மற்றப் பள்ளிகளுக்கும் அது போனது. கொழும்பு றோயல் கல்லூரியில் 1881இல் கடேற் படை தொடங்கியது. அது பிறகு தீவு முழுவதும் பரந்து, யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் சிலவற்றுக்கும் வந்தது. வருடாந்தப் பாசறை தியத்தலாவையில். 1900இல் போயர் யுத்தக் கைதிகள் ஏறக்குறைய ஐயாயிரம் பேரை ஆங்கிலேயர் கொண்டுவந்து அடைத்த மலைநிலம் அது. பனங்காட்டு வெக்கையில் வளர்ந்த பையனுக்கு அந்தக் குளிரே முதற் பயிற்சி.

கடேற் படை கொஞ்சப் பேருக்குத்தான். இல்ல விளையாட்டுப் போட்டியோ எல்லாருக்கும். அதில் அணிநடைக்குத் தனிப் புள்ளி. ஓட்டத்தில் பின்தங்கிய இல்லமும் அணிநடைக் கேடயத்தைத் தூக்கித் தலைநிமிரலாம். அதனால்தான் பி.ரி. மாஸ்ரர்மார் அதில் அவ்வளவு கண்டிப்பு. கை தோள்மட்டம் வருகிறதா, பிரதம விருந்தினரைத் தாண்டும்போது எல்லாக் கழுத்தும் ஒன்றாகத் திரும்புகிறதா, வரிசையின் வெளிப்பக்கத்தவர் வளைவில் எட்டை நீட்டுகிறாரா. இந்த மூன்றாவதை மொறிசின் சார்ஜன்மாரும் இதே எரிச்சலோடு பார்த்திருப்பார்கள்.

இலங்கைக்குச் சொந்த இராணுவம் வந்தது 1949 ஒக்ரோபரில். முதல் தளபதி ஒரு ஸ்கொட்லாந்துப் பிரபு. 1955இல் அந்தக் கதிரையில் இருந்த முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு, தமிழர். 1959 வரை இருந்தார். இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். சிங்களம் மட்டும் சட்டம் 1956இல் வந்தது. 1962இல் உயர் அதிகாரிகள் சிலரின் சதிப்புரட்சி முயற்சி பிடிபட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர், தமிழரும் இருந்தனர். அதன்பின் ஆட்சேர்ப்பின் திசை மாறியது. எழுபதுகளின் முடிவில் இராணுவம் ஏறக்குறைய முழுவதும் சிங்களமாகியிருந்தது. இராணுவப் பயிற்சிக்காகத் தியத்தலாவைக்கு இங்கிருந்து போகும் வழி அடைபட்டது.

அந்தப் பயிற்சி எப்படிப்பட்டது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். உலகெங்கும் அது ஒன்றுதான். விடியமுன் எழுப்புவார்கள். கட்டில் விரிப்பின் மூலை இன்ன கோணத்தில் மடிந்திருக்க வேண்டும். சப்பாத்தில் முகம் தெரிய வேண்டும். ஓட வேண்டும், சுமையோடு ஓட வேண்டும், சேற்றில் தவழ வேண்டும். ஒருவன் பிழைவிட்டால் அறை முழுவதும் தண்டனை. விரிப்பின் மூலைக்கும் யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். கேட்கத் தோன்றாத நிலைக்குக் கொண்டுவருவதுதான் சம்பந்தம். நித்திரையைக் குறைத்து, களைப்பை ஏற்றி, சின்னச் சின்னக் கட்டளைகளுக்கு உடம்பு தானாக அசையும் பழக்கத்தை உண்டாக்கினால், பெரிய கட்டளை வரும்போதும் அது அசையும். கூட்டுத் தண்டனை இன்னும் நுட்பமானது. சார்ஜனுக்குப் பயந்து ஓடுகிறவன் ஒரு கட்டத்தில் நின்றுவிடுவான். பக்கத்துக் கட்டில்காரனுக்கு வெட்கப்பட்டு ஓடுகிறவன் நிற்கமாட்டான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பல நாட்டுப் படைகள் சுடும் பயிற்சியில் வட்டக் குறியை எடுத்துவிட்டு, திடீரென்று எழும்பி விழும் மனித உருவத்தை வைத்தன. யோசிக்குமுன் விரல் அசைய வேண்டும். டி கெய்னின் 43 படங்களின் நேரடி வாரிசு அது.

இதைத் தாண்டி வந்தவர்களைக் கேட்டால், பலசாலிகள்தான் தாண்டினார்கள் என்று யாரும் சொல்வதில்லை. முதலாவதாகவும் வராதே, கடைசியாகவும் வராதே. முதற்கிழமையில் சார்ஜனுக்கு உன் பெயர் தெரியக்கூடாது. காலுறையை ஈரமாக வைக்காதே. கிடைத்த நேரத்தில் தின், கிடைத்த நேரத்தில் படு. போகுமுன் செய்ய வேண்டியது என்றால், சப்பாத்தை முன்கூட்டியே போட்டு நடந்து காலைப் பழக்கு, விடிய எழும்பு. எல்லா நாட்டு மூத்தவர்களும் சொல்லும் புத்தி இவ்வளவுதான்.

ஆனால் இதில் ஓர் இன்பமும் இருக்கிறது, அதை மறைத்தால் கதை பொய்யாகும். வரலாற்றாசிரியர் வில்லியம் மக்நீல் 1941இல் அமெரிக்கப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, ரெக்சாஸ் வெயிலில் நடத்தப்பட்டவர். அவருடைய விமானஎதிர்ப்புப் பட்டாலியனுக்கு இருந்தது ஒரே ஒரு பீரங்கி, அதுவும் வேலை செய்யாது. பழக்க வேறெதுவும் இல்லாமல் மணிக்கணக்காக நடத்தினார்கள். அந்த அர்த்தமற்ற நடை தனக்குப் பிடித்திருந்தது என்பது அவரை ஐம்பது வருடம் உறுத்தியது. கடைசியில் 1995இல் அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். சேர்ந்து அசையும் உடம்புகளுக்கு ஒரு வீக்கம் வருகிறது, தான் தன்னைவிடப் பெரிதாகிவிட்டது போல. காவடியிலும் தேர் வடத்திலும் நமக்குத் தெரிந்த அனுபவம்தான். மொறிஸ் தேடியது வேகத்தை, கிடைத்தது இதுவும். பெரிய ஆபத்தும் இதில்தான் என்று நினைக்கிறேன். கட்டாயத்தால் மட்டும் எந்தப் படையும் நின்றதில்லை.

தமிழருக்கு எதிரான 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நடந்ததை விளங்கிக்கொள்ள இந்த வீக்கம் வேண்டும். வல்வெட்டித்துறையிலிருந்தும் மற்றக் கரைகளிலிருந்தும் பெடியள் ஆயிரக்கணக்கில் ஆயுதப் பயிற்சிக்காக இரவில் இந்தியாவுக்கு வள்ளமேறினார்கள். வீட்டில் சொல்லாமல் போனவர்கள் அதிகம். முன்தயாரிப்பு என்று அவர்களிடம் இருந்தது கோபமும், பள்ளிக்கூட மைதானத்தில் பழகிய அந்த இடது வலதும்தான். இந்திய அரசு சிலரைச் சக்ராத்தாவுக்குக் கொண்டுபோய்ப் பழக்கியது. தமிழ்நாட்டில் கொளத்தூர், சிறுமலை, ஒரத்தநாடு என்று போராளி இயக்கங்களுக்கு இடங்கள் இருந்தன. அதற்கு முன்பே ஈரோஸ் என்ற இயக்கம் வழியாகச் சிலர் லெபனானில் பலஸ்தீனரிடம் பயிற்சி எடுத்திருந்தார்கள். கடலூரில் லோறன்ஸ் தொடங்கிய பட்டாளத்தின் பேரப்பிள்ளைகள் யாழ்ப்பாணத்துப் பெடியளுக்கு நடக்கப் பழக்கினார்கள். சில வருடம் கழித்து, 1987இல், அதே இந்திய இராணுவம் பலாலியில் வந்திறங்கி அவர்களில் விடுதலைப் புலிகளோடு மோதியது. வந்த படைகளில் மதராஸ் ரெஜிமென்றும் ஒன்று. 1795இல் வந்த மதராஸ் சிப்பாய் மறுபடியும் யாழ்ப்பாணத்துக்கு வந்தான்.

இயக்கப் பயிற்சி முகாம்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோரும் உண்டு, பேசாமல் எழும்பிப் போவோரும் உண்டு. 1985இலேயே கோவிந்தன் ‘புதியதோர் உலகம்’ நாவலை எழுதிவிட்டார். புளொட் இயக்கத்தின் தமிழ்நாட்டு முகாம்களில் கேள்வி கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதை உள்ளிருந்து வந்தவர் சொன்ன கதை அது. கேள்வி கேட்கத் தோன்றாமல் செய்வது அரசாங்கப் பட்டாளத்தில் ஒரு முறை. அங்கே குறைந்தபட்சம் ஒரு சட்டப்புத்தகமும் விட்டுவிட்டு வர ஒரு வாசலும் இருக்கும். இரண்டும் இல்லாத இடத்தில் பயிற்சியும் சித்திரவதையும் ஒரே கொட்டிலுக்குள் இருந்தன.

அடுத்தது இன்னும் மோசம். 1989இல், இந்தியப் படை புறப்படப்போகிற நேரத்தில், தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் அதன் ஆதரவுக் குழுக்கள் பெடியளைத் தெருவில் பிடித்தன. ரியூசனுக்குப் போனவன், கடைக்குப் போனவன், சைக்கிளோடு. தலையை வழித்து, அரைகுறைப் பயிற்சி கொடுத்து, துவக்கைக் கொடுத்து நிறுத்தினார்கள். 1990 பங்குனியில் இந்தியப் படை கப்பலேறியது. மிஞ்சியவர்களைப் புலிகள் பார்த்துக்கொண்டார்கள். அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்து அம்மாமார் ஆண்பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைத்ததும், நகையை விற்றுக் கொழும்புக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கும் அனுப்பியதும் பயிற்சியிலிருந்து தப்புவதற்கான ஆயத்தம். அதில் அவர்கள் கைதேர்ந்தார்கள். பின்னாளில் புலிகளின் ஆட்சேர்ப்புக்கு, பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளையும் விடாத அந்தச் சேர்ப்புக்கு, வன்னியில் இதே பூட்டும் இதே ஒளிப்பும் பயன்பட்டன. பல இடங்களில் பயன்படவுமில்லை.

யுத்தம் முடிந்தபின் நடந்தவை வேறு வகை. 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களுக்கு இராணுவ முகாம்களில் மூன்று கிழமைத் தலைமைத்துவப் பயிற்சி என்று அரசு தொடங்கியது, எதிர்ப்பும் கிளம்பியது. 2012 கார்த்திகையில் கிளிநொச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். கணவனோ தகப்பனோ இல்லாத வீட்டுக்கு ஒரு நிரந்தரச் சம்பளம். அடுத்த மாதமே அவர்களில் சிலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட, ஊரெல்லாம் வதந்தி, இராணுவத்தின் மறுப்பு, பேய் பிடித்தது என்று ஒரு விளக்கம். தன் அண்ணன் எந்தப் படையோடு மோதிச் செத்தானோ அந்தப் படையின் மைதானத்தில் காலைத் தூக்கி வைக்கும்போது உடம்பு என்ன செய்யும் என்று டி கெய்ன் படம் போட்டுக் காட்டவில்லை.

1989இல் வள்ளத்திலும் விமானத்திலும் தப்பிய பெடியளில் கணிசமானோர் சுவிசில் போய் இறங்கினார்கள். அங்கேயே கலியாணம், பிள்ளைகள், குடியுரிமை. சுவிஸ் குடியுரிமை பெற்ற ஆண்பிள்ளைக்கு இராணுவக் கடமையும் சேர்ந்தே வருகிறது. உரிய வயதில் வீட்டுக்குக் கடிதம் வரும். உடற்தகுதி இருந்தால் 18 கிழமைப் பயிற்சி. இலங்கையைக் காக்கக் கூலிக்கு வந்த மெரோன் ரெஜிமென்றின் ஊரில், யாழ்ப்பாணத்தான் மகன் சப்பாத்துக் கட்டுகிறான். தகப்பன் எதிலிருந்து தப்பி வந்தாரோ அதற்குள் மகன் சிரித்துக்கொண்டு போகிறான். சனி ஞாயிறு வீட்டுக்கு வருகிறான், ஊத்தை உடுப்பை அம்மாவிடம் கொடுக்கிறான், புட்டும் கறியும் சாப்பிட்டுவிட்டு ஞாயிறு பின்னேரம் ரயிலேறுகிறான். விருப்பமில்லாதவன் மனச்சாட்சியின் பெயரால் சிவில் சேவைக்கு விண்ணப்பிக்கலாம். முதியோர் இல்லத்திலோ ஆஸ்பத்திரியிலோ வேலை. நாட்கள் ஒன்றரை மடங்கு.

பயிற்சியை முடித்தவன் தன் துவக்கை வீட்டில் வைத்திருப்பது அந்த நாட்டின் பழைய வழக்கம். யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கூரைக்குள் ஒரு துவக்கு அகப்பட்டால் அந்த வீட்டுக்கு என்ன நடந்திருக்கும் என்று அறிந்த தாய்க்கு, சுவிசில் அரசாங்கமே அதைக் கையில் கொடுத்து அலுமாரியில் வை என்கிறது. கட்டாயமில்லை. வேண்டாமென்றால் இராணுவக் களஞ்சியத்தில் ஒப்படைத்துவிட்டு வரலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, காரணமும் கேட்கமாட்டார்கள்.